ஒரு வோல்ட், ஒரு ஸ்தாயி

மாடுலர் சிந்தசைசர் ஒரே வாத்தியம் அன்று. பல சிறு மின்கருவிகளின் கூட்டம். ஒலியைப் பிறப்பிக்க ஒன்று, அதை வடிகட்ட ஒன்று, உரப்பைக் கூட்டிக் குறைக்க ஒன்று, இவை எப்போது, எத்தனை வேகமாக நடக்க வேண்டும் என்று ஆணையிட இன்னொன்று. ஒவ்வொன்றும் தனி மாட்யூல். ஒவ்வொன்றுக்கும் குமிழ்களும் ஜாக்குகளும் பொருத்திய ஒரு முகத்தகடு. மின்சாரம் ஒன்றுதான் இவற்றுக்குப் பொது. மற்றபடி ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நிரந்தரத் தொடர்பு கிடையாது. வாசிப்பவர் சிறு கேபிள்களைச் செருகினால் வாத்தியம் உருவாகும். கழற்றினால் பழையபடி தனித்தனிப் பெட்டிகள்தான்.

வீட்டில் செய்வதற்கு இந்த அமைப்பு மிகவும் ஏற்றது. ஒரு வீணையைப் பாதி செய்து மீட்ட முடியாது. சிந்தசைசரில் முதல் மாட்யூல் முடிந்த அன்றே அதிலிருந்து ஒலி வந்துவிடும். அடுத்ததை அடுத்த மாதம் சேர்க்கலாம். பிடிக்காததைக் கழற்றி வேறொன்றை வைக்கலாம்.

இந்த வாத்தியம் 1963, 1964-வாக்கில் அமெரிக்காவின் இரண்டு மூலைகளில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உருவானது. நியூயார்க் மாநிலத்தின் ட்ரூமன்ஸ்பர்க் என்ற சிற்றூரில் ராபர்ட் மூக், சான் பிரான்சிஸ்கோவில் டான் புக்லா. இருவரும் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள்: ஒரு குமிழைக் கை திருப்பிச் செய்கிற எந்த வேலையையும் ஒரு மின்னழுத்தத்தால் செய்விக்க முடியும். அப்படியானால் ஒரு மாட்யூலின் வெளியீடு இன்னொரு மாட்யூலின் குமிழைத் திருப்பும் கையாகிவிடும். மாடுலர் சிந்தசைசரின் தத்துவம் மொத்தமும் இதுதான்.

இந்தியாவுக்கு இந்த இயந்திரம் வந்து சேர அதிக காலம் ஆகவில்லை. 1961-இல் தொடங்கப்பட்ட அகமதாபாதின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இல் மூக் மாடுலர் சிந்தசைசரை நடுவில் வைத்து ஒரு மின்னிசைக் கூடம் அமைந்தது. அமைத்துக் கொடுத்தவர் அமெரிக்கப் பியானோ கலைஞர் டேவிட் ட்யூடர். அந்நாளில் அவர் பியானோவை விட்டு விலகி, தானே சர்க்யூட் பற்றவைத்துக் கருவி செய்யும் வழிக்கு வந்துகொண்டிருந்தார். இந்தத் தொடர்புக்குப் பின்னால் இருந்தவர் கீதா சாராபாய். 1946-இல் நியூயார்க்கில், பின்னாளில் ட்யூடரின் கூட்டாளியான இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு இந்திய இசையைக் கற்றுக்கொடுத்து, அவரிடமிருந்து மேற்கத்திய இசையைக் கற்றவர் அவர். அகமதாபாத் கூடத்தில் கீதா சாராபாயோடு ஐ.எஸ்.மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி.சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் வேலை செய்தார்கள். சில ஆண்டுகளில் கூடம் ஓய்ந்தது. அங்கே பதிவான ஒலிநாடாக்கள் காப்பகத்தில் கிடந்தன. பிரிட்டிஷ் இசைக்கலைஞர் பால் பர்கஸ் அவற்றைத் தேடி எடுத்தார். அவற்றிலிருந்து 1969 முதல் 1972 வரையிலான பதிவுகளின் தொகுப்பு 2023-இல் வெளிவந்தது.

அகமதாபாத் இயந்திரம் விலைக்கு வாங்கியது. ஆனால் அதன் உள்ளே இருந்த சர்க்யூட்டுகளின் அடிப்படைகள் இன்று ரகசியம் அல்ல. 1972-இல் பெர்னி ஹட்சின்ஸ் தொடங்கிய எலெக்ட்ரோநோட்ஸ் என்ற செய்திமடல் முதல், எமிலி ஜிலே தன் மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் மாட்யூல்களின் வரைபடங்களைத் திறந்து வைத்தது வரை, வீட்டில் செய்பவருக்கு வேண்டிய அறிவு ஐம்பது ஆண்டுகளாகக் கை மாறி வருகிறது. உதிரிப் பாகங்களும் பெரும்பாலும் சாதாரணமானவை. டி.எல்.074 ஆப்-ஆம்ப், பி.சி.547 டிரான்சிஸ்டர், எல்.எம்.13700 ஐ.சி. போன்றவை சென்னை ரிச்சி தெருவிலோ பெங்களூரு எஸ்.பி. சாலையிலோ எர்ணாகுளம் பள்ளிமுக்கிலோ தேடக்கூடியவை.

மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேச ஒரு பொது மொழி வேண்டும். மூக் வகுத்த மொழி எளிமையானது: மின்னழுத்தம் ஒரு வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். பன்னிரண்டு அரைச்சுரங்களுக்கும் சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 83.3 மில்லிவோல்ட். கீபோர்டு இப்படித்தான் பங்கிடும். ஆனால் மின்னழுத்தத்துக்குப் படிக்கட்டு கிடையாது. ஷட்ஜத்துக்கு 5/4 விகிதத்தில் நிற்கும் அந்தர காந்தாரம் வேண்டுமென்றால் கீபோர்டின் 0.333 வோல்ட்டை விட்டுவிட்டு 0.322 வோல்ட்டில் நிறுத்தலாம். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்ல ஒரு குமிழ் போதும். கமகம் வராது என்ற குறையாலேயே ஆர்மோனியத்துக்கு அகில இந்திய வானொலி 1940-இல் தடை போட்டது. அது தளர 1971 ஆயிற்று. அகமதாபாதில் மூக் ஓடத் தொடங்கியபோது அந்தத் தடை அமலில்தான் இருந்தது. குமிழால் வாசிக்கப்படும் சிந்தசைசருக்கு ஆர்மோனியத்தின் அந்தக் குறை கிடையாது.

ஒலியைப் பிறப்பிப்பது ஆசிலேட்டர். அதன் மிக எளிய வடிவத்துக்கு ஒரு சி.டி.40106 ஐ.சி., ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர் போதும். ஒரே ஐ.சி.யில் இப்படி ஆறு ஆசிலேட்டர்கள் கிடைக்கும். முதல் முயற்சிக்கு இதைவிட நல்லது இல்லை. கீச்சென்று கத்துமே தவிரச் சுருதியில் நிற்காது. சுருதியில் நிற்கும் ஆசிலேட்டர் வேறு சாதி. அதில் ஒரு கெப்பாசிட்டரை ஒரு நிலையான மின்னோட்டம் நிரப்பும், மின்னழுத்தம் 5 வோல்ட்டைத் தொட்டதும் ஒரு சுவிட்ச் அதைக் காலி செய்யும், மறுபடி நிரம்பும். வரைந்து பார்த்தால் வாள்பல் போல இருக்கும். கெப்பாசிட்டர் 1 நானோஃபாரடாக இருந்தால், நொடிக்கு 440 முறை நிரம்பிக் காலியாக 2.2 மைக்ரோஆம்பியர் வேண்டும். ஒரு ஸ்தாயி மேலே போக 4.4, இரண்டு ஸ்தாயிக்கு 8.8. பத்து ஸ்தாயி ஏற 1024 மடங்கு மின்னோட்டம் வேண்டும்.

சிக்கல் இங்கேதான். உள்ளே வரும் மின்னழுத்தம் 1, 2, 3 என்று கூடிக்கொண்டு போகிறது. மின்னோட்டமோ 2, 4, 8 என்று பெருக வேண்டும். கூட்டலைப் பெருக்கலாக மாற்ற ஒரு கருவி தேவை. அது டிரான்சிஸ்டரின் இயல்பிலேயே இருக்கிறது. பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையிலான மின்னழுத்தம் 18 மில்லிவோல்ட் கூடும்போதெல்லாம் அதன் வழியே ஓடும் மின்னோட்டம் இரட்டிக்கும். ஆகவே ஒரு வோல்ட்டை ரெசிஸ்டர்களால் 18 மில்லிவோல்ட்டாகச் சுருக்கி டிரான்சிஸ்டருக்குக் கொடுத்தால் ஒரு ஸ்தாயி கிடைத்துவிடும்.

ஆனால் டிரான்சிஸ்டர் நல்ல வெப்பமானியும் கூட. ஒரு டிகிரி சூடு ஏறினால் அதே மின்னோட்டத்துக்கு வேண்டிய மின்னழுத்தம் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கிவிடும். 18 மில்லிவோல்ட்டே ஒரு ஸ்தாயி என்னும்போது 2 மில்லிவோல்ட் ஓர் அரைச்சுரத்துக்கும் மேல். இதைத் தீர்க்க ஒரே மாதிரியான இரண்டு டிரான்சிஸ்டர்களை முகத்தோடு முகம் சேர்த்து ஒட்டிவிடுவார்கள். ஒன்று விலகினால் மற்றதும் அதே அளவு விலகும். வித்தியாசத்தை மட்டும் சர்க்யூட் எடுத்துக்கொள்ளும். ஜோடி தேர்ந்தெடுப்பது பொறுமையான வேலை. ஒரு கைப்பிடி பி.சி.547-களை வரிசையாகச் செருகி மல்ட்டிமீட்டரால் அளந்து, ஒரு மில்லிவோல்ட்டுக்குள் ஒத்துப்போகும் இரண்டைப் பிரித்தெடுக்க வேண்டும். விரலால் தொட்டதும் அளந்தால் விரலின் சூடே எண்ணை மாற்றிவிடும். செருகியபின் சில நிமிடம் காத்திருப்பது அவசியம்.

ஜோடி சேர்த்த பிறகும் ஒரு மிச்சம் இருக்கிறது. 18 மில்லிவோல்ட் என்ற அளவே வெப்பநிலையைப் பொறுத்தது, டிகிரிக்கு 0.33 சதவீதம் வளரும். கொச்சியில் உச்சிவெயிலுக்கும் மழைக்குப் பிந்தைய மாலைக்கும் அறையில் 5 டிகிரி வித்தியாசம் வருவது சாதாரணம். சுருதி சேர்த்த இடத்திலிருந்து மூன்று ஸ்தாயி தள்ளி அது 60 சென்ட் பிழையாகும், அதாவது அரைச்சுரத்தில் பாதிக்கும் மேல். இதற்கு மாற்று, சூடு ஏற ஏறத் தானும் அதே விகிதத்தில் கூடும் ஒரு தனிவகை ரெசிஸ்டர். அதை அந்த டிரான்சிஸ்டர் ஜோடியின் மேல் படும்படி வைத்துப் பற்றவைக்க வேண்டும். சிந்தசைசர் செய்பவர் தேடி அலையும் பாகங்களில் இது முதன்மையானது. 3340 என்ற ஆசிலேட்டர் ஐ.சி.யை வாங்கினால் இந்தத் தொல்லைகளில் பெரும்பகுதியை அதுவே உள்ளே தீர்த்து வைத்திருக்கும். கற்றுக்கொள்ளும் ஆசை இல்லாதவருக்கு அதுவே சிறந்தது.

மற்ற மாட்யூல்கள் இத்தனை முரண்டு பிடிப்பதில்லை. வடிகட்டியில் புகழ்பெற்றது மூக்கின் ஏணி வடிகட்டி. 1969 அக்டோபரில் காப்புரிமை பெற்றது. டிரான்சிஸ்டர் ஜோடிகள் ஏணிப்படி போல ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். நான்கு படிகள், படிக்கு 6 டெசிபல் வீதம், ஒரு ஸ்தாயிக்கு 24 டெசிபல் உயர் அதிர்வெண்களை மழுக்கும். வெளியீட்டில் கொஞ்சத்தை உள்ளீட்டுக்குத் திருப்பிவிட்டால் வடிகட்டி மூக்கால் பேசத் தொடங்கும். மேலும் திருப்பினால் தானே பாடிவிடும். உரப்பைக் கட்டுப்படுத்தும் பெருக்கிக்கு எல்.எம்.13700-இல் பாதி போதும். ஒலி எழுந்து தேய்ந்து அடங்கும் விதத்தை வகுக்கும் மாட்யூலுக்கு என்வலப் என்று பெயர். மிருதங்கத்தின் தட்டு நொடியில் எழுந்து உடனே அடங்குகிறது. வீணை எழுந்து மெல்லத் தேய்கிறது. வயலின் மெதுவாக எழுந்து வில் ஓடும்வரை நிற்கிறது. நான்கு குமிழ்களால் இந்த மூன்றையும் வரையலாம்.

முகத்தகட்டைப் பலர் கடைசி வேலையாக நினைக்கிறார்கள். அது தவறு. குமிழும் ஜாக்கும் தகட்டில் எங்கே வருகின்றனவோ அங்கேதான் சர்க்யூட் பலகையிலும் வர வேண்டும். தகடு முதலில், பலகை பிறகு என்ற வரிசையில் போனவருக்கு மறுவேலை குறைவு.

அளவுகள் வகுக்கப்பட்டவை. மூக்கின் காலத்துத் தகடுகள் பெரியவை, 6.35 மில்லிமீட்டர் ஜாக் கொண்டவை. 1990-களின் நடுவில் ஜெர்மனியின் டீட்டர் டோஃபர் கொண்டுவந்த யூரோராக் அளவே இன்று பரவலானது: ஜாக் 3.5 மில்லிமீட்டர், தகட்டின் உயரம் 128.5 மில்லிமீட்டர். அகலத்தை ஹெச்.பி. என்ற அலகால் சொல்வார்கள், ஒரு ஹெச்.பி. 5.08 மில்லிமீட்டர். எட்டு ஹெச்.பி. தகடு கணக்குப்படி 40.64 வர வேண்டும், வெட்டுவது 40.3. அந்த மூன்றில் ஒரு மில்லிமீட்டரை விடாமல் வெட்டினால் ஐந்தாறு தகடுகளுக்குப் பிறகு அடுத்தது சட்டத்தில் நுழையாது. மேல், கீழ்த் திருகுத் துளைகளுக்கு இடையே 122.5 மில்லிமீட்டர், இடது ஓரத்திலிருந்து முதல் துளை 7.5 மில்லிமீட்டர்.

குமிழ்களை எங்கே வைப்பது என்பது விரல்களைப் பொறுத்தது. அடிக்கடி திருப்பும் இரண்டு குமிழ்களின் மையங்களுக்கு இடையே 20 மில்லிமீட்டராவது இருந்தால்தான் ஒன்றைத் திருப்பும்போது மற்றது நகராது. ஜாக்குகளைத் தகட்டின் கீழ்ப்பாதியில் வைப்பது வழக்கம். கேபிள்கள் தொங்கும்போது குமிழ்களை மறைக்கா. வெளியீட்டு ஜாக்குகளைச் சுற்றி ஒரு நிறக் கட்டம் போட்டுப் பிரித்துக் காட்டினால் மங்கிய வெளிச்சத்திலும் தவறு நேராது. இடத்தை மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் நெருக்கி வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அப்படிச் செய்த மாட்யூலை வாசிப்பவர் ஒரு மாதத்தில் வெறுத்துவிடுவார்.

தகட்டுக்குரிய உலோகம் அலுமினியம். கொச்சிக்கு வடக்கே, பெரியாற்றின் கிளைகள் சூழ்ந்த ஏலூரில், அலுபுரம் என்று உலோகத்தின் பெயரையே தாங்கிய இடத்தில், 1943-இல் இந்தியாவின் முதல் அலுமினிய உருக்காலை இயங்கத் தொடங்கியது. இத்தனைக்கும் அங்கே பாக்சைட் சுரங்கம் கிடையாது. ஆலையை அங்கே இழுத்தது மின்சாரம். அலுமினாவிலிருந்து அலுமினியத்தைப் பிரிக்க, உருகிய கிரயோலைட்டில் அதைக் கரைத்து மின்னோட்டம் செலுத்த வேண்டும். கிலோவுக்குப் பதின்மூன்று யூனிட்டுக்கும் மேல் செலவாகும். சர் சி.பி.ராமசாமி ஐயர் திவானாக இருந்த திருவிதாங்கூரில் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940-இல் தொடங்கியிருந்ததால், அலுமினாவைக் கடல்வழியே கொண்டுவந்து ஏலூரில் உருக்குவது கட்டுப்படியானது. ஒரு எட்டு ஹெச்.பி. தகடு, 2 மில்லிமீட்டர் கனத்தில், 28 கிராம் எடை. அதன் அலுமினியத்தைப் பிரிக்க ஆகும் மின்சாரத்தில் அந்த மாட்யூலைப் பல நாள் ஓயாமல் ஓட்டலாம்.

கடையில் தகடு கேட்கும்போது கனத்தோடு ரகத்தையும் கேட்க வேண்டும். கலப்பில்லாத மென் அலுமினியம் டிரில்லில் பசைபோல ஒட்டிக்கொள்ளும். மக்னீசியம் கலந்த 5052 ரகம் சுத்தமாகத் துளைபடும். மாட்யூல்களைத் தாங்கும் சட்டங்களுக்கு 6063 ரகத்தில் அச்சு வழியே பிதுக்கி எடுத்த கம்பிகள் ஏற்றவை.

கைவேலை இப்படிப் போகும். தகட்டின் வரைபடத்தை முழு அளவில் அச்சிட்டு, அதிலேயே வரைந்து வைத்த 100 மில்லிமீட்டர் கோட்டை ஸ்கேலால் சரிபார்க்க வேண்டும். பிரிண்டர்கள் காகிதத்துக்கு ஏற்பப் படத்தைச் சுருக்கும் வழக்கம் உடையவை. தாளைத் தகட்டில் ஒட்டி, ஒவ்வொரு மையத்திலும் சென்டர் பஞ்சால் ஒரு தட்டு. பிறகு அடியில் மரப்பலகை வைத்து 2 மில்லிமீட்டரில் முதல் துளை, ஒரு சொட்டு மண்ணெண்ணெய், அதன் பிறகே பெரிய டிரில்: ஜாக்குக்கு 6, குமிழைத் தாங்கும் சிறிய பொட்டென்ஷியோமீட்டருக்கு 7 மில்லிமீட்டர். நேரடியாகப் பெரிய டிரில்லை வைத்தால் துளை முக்கோணமாகிவிடும். பிசிறுகளை அரத்தால் எடுத்து, 400-ஆம் எண் உப்புத்தாளால் ஒரே திசையில் தேய்த்தால் மெல்லிய கோடுகளோடு மங்கல் பளபளப்பு வரும்.

அப்படியே விட்டால் மட்டாஞ்சேரி போன்ற காயலோர ஊரில் உப்புக்காற்று ஒரு மழைக்காலத்துக்குள் வெண்புள்ளிகளை எழுப்பிவிடும். மெல்லிய வார்னிஷ் பூச்சு ஒரு தீர்வு. ஆனோடைசிங் நிலையான தீர்வு: தகட்டைக் கந்தக அமிலத் தொட்டியில் நேர்மின் முனையாக்கி, மேற்பரப்பில் சில மைக்ரான் கனத்துக்கு ஆக்சைடு படலத்தை வளர்த்து, சாயம் ஏற்றி, கொதிநீரில் அடைத்துவிடுவார்கள். அமிலம் புழங்கும் வேலை என்பதால் பட்டறையில் கொடுத்துச் செய்வதே புத்தி. அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஜாக்கின் தரை இணைப்பைத் தகடு வழியே எடுப்பதாக இருந்தால் நட்டு அமரும் இடத்தில் பின்புறம் சுரண்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் தகட்டைத் தொடும்போதெல்லாம் உறுமல் கேட்கும்.

எழுத்துகளுக்கு வழிகள் பல. கறுப்பு ஆனோடைசிங்கின் மேல் லேசர் ஓட்டினால் எழுத்து வெளுப்பாகத் தெரியும். நேம் போர்டு செய்யும் கடைகளில் இதற்கான இயந்திரம் இருக்கும். லேசர் பிரிண்டரின் கறுப்புப் பொடியைத் தாளிலிருந்து இஸ்திரிப் பெட்டியால் தகட்டுக்கு மாற்றுவது மலிவு, ஆனால் மூன்றில் ஒன்று பிசகும். இப்போது பலரும் நாடுவது, தகட்டையே சர்க்யூட் பலகையாகச் செய்யக் கொடுத்துவிடும் வழி. 1.6 மில்லிமீட்டர் ஃபைபர் பலகை, விரும்பிய நிறப் பூச்சு, அதன் மேல் வெள்ளை எழுத்து, தாமிரத்தைத் திறந்துவிட்ட இடங்களில் தங்க முலாம். துளைகளையும் பலகை செய்யும் ஆலையினரே போட்டு அனுப்புவார்கள். பின்பக்கத் தாமிரத்தைத் தரையோடு இணைத்தால் தகடு கவசமாகவும் நிற்கும்.

தமிழில் எழுத்து வைப்பவருக்கு இரண்டு எச்சரிக்கைகள். ‘சுருதி’, ‘அலை’, ‘உள்’, ‘வெளி’ என்ற சொற்கள் தகட்டில் அழகாக உட்காரும். ஆனால் தமிழ் எழுத்துக்கு மேலே கொக்கியும் கீழே சுழியும் உண்டு. ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு 2 மில்லிமீட்டர் உயரம் போதுமென்றால் தமிழுக்கு 3 வேண்டும். குறைந்தால் ‘ரு’வின் சுழி அடைந்துவிடும். இரண்டாவது, வரைபட மென்பொருளில் எழுத்தை எழுத்தாகவே அனுப்பாமல் கோட்டுருவமாக மாற்றி அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஆலையின் கணினியில் ‘வெளி’யின் கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும் அபாயம் உண்டு.

மின்சாரம் கூட்டல் 12, கழித்தல் 12 வோல்ட். ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு கழித்தல் 12-ஐக் குறிக்கும். திருப்பிச் செருகினால் ஐ.சி.கள் ஒரு நொடியில் போய்விடும். ஒவ்வொரு மாட்யூலின் வாசலிலும் இரண்டு டையோடு வைப்பது அற்பச் செலவு.

கடைசி வேலை சுருதி சேர்த்தல். ஆசிலேட்டரை அரைமணி நேரம் ஓடவிட்டு, சூடு நிலைபெற்ற பிறகு, 1 வோல்ட்டும் 2 வோல்ட்டும் மாற்றி மாற்றிக் கொடுத்து அதிர்வெண் மீட்டரைப் பார்க்க வேண்டும். 220 என்றால் அடுத்தது 440 காட்ட வேண்டும். 436 காட்டினால் பலகையில் உள்ள சிறு டிரிம்மரை ஒரு மயிரிழை திருப்ப வேண்டும். திருப்பியதும் கீழ் எண்ணும் நகர்ந்திருக்கும். அதனால் மீண்டும் கீழே, மீண்டும் மேலே. அங்கே பொருந்திய பிறகு 3, 4 வோல்ட்டிலும் இதே சோதனை. திருப்புளியை நுழைக்க முகத்தகட்டிலேயே 3 மில்லிமீட்டரில் ஒரு துளை விட்டிருந்தால் மாட்யூலைச் சட்டத்திலிருந்து கழற்றாமல் இதைச் செய்துவிடலாம்.